அகலிகையின் இரண்டாங் கல்

காவிரியும் அதன் கிளையாறுகளுங் கொணர்ந்து பரப்பிய வண்டலே சோழவளநாட்டின் நிலம். அந்நிலத்தைக் கிணறு தோண்டுவார் எத்துணை ஆழம் அகழினும் களியும் மணலுமே காண்பரன்றிக் கருங்கல் காணார். ஆதலின் அந்நாட்டில் ஓரிடத்தே கல் உளதாயின், அஃது ஆங்குத் தோன்றியதன்று, யாரோ ஒருவர் ஒரு கருத்தொடு கொணர்ந்ததே என்று துணியலாம். ஆண்டுள்ள பழைய திருக்கோயில்கள் பல முதற்கண் செங்கல்லால் இயன்றிருந்து, பத்தாம் நூற்றாண்டிற் கண்டராதித்த சோழரின் தேவியாராகிய செம்பியன்மாதேவியார் போன்றாரது அன்பினாற் கற்றளிகளாயின. கணவனார் பெயரால் அவ்வம்மையார் எடுப்பித்த திருநல்லத்துக் கற்றளி இன்றும் நின்று அதனைக் காட்டுகின்றது. கல்லில்லா நாட்டிற் கல்லாதல் என்பது இவ்வாறு ஒரு பெருந்தொண்டாகவே வழங்கிற்று.

குடமுருட்டியாறு வளஞ்செய்யும் பாபநாசத்திற்கும் இஃது ஒக்கும். நாவுக்கரசர் பதிகம் பெற்ற திருப்பாலைத்துறை அவ்வூரைச் சார்ந்தது. அத்திருக்கோயிலையடுத்து நாயக்கர் காலத்தெழுந்த பெருநெற்களஞ்சியம் ஒன்றுண்டு, அதுவும் செங்கல்லே. அவ்வூர்க்கண்ணே கீழை இராமேச்சுரம் என வழங்கும் இராமலிங்கசுவாமி திருக்கோயிலில் நூற்றெட்டுச் சிவலிங்கங்கள் வழிபடப்பெறுகின்றன. (பொதியிற் சாரலிற் பொருநை பாயும் பாபநாசம் வேறு, இரண்டனையும் ஒன்றாக மயங்குவார் உளர்.) இலங்கையினின்று மீளும் இராமபிரான், கரதூடணரைக் கொன்ற பழி தம்மைப் பின்தொடர்வதாக உணர்ந்து, அது தீர்தற்பொருட்டு ஆற்று மணலால் இலிங்கங்கள் அமைத்து வழிபட்டார் என்பதும், காசிக்குச் சென்ற அநுமன் கொணர்ந்த இலிங்கமும் அவற்றொடு சேர்ந்து எண்ணிக்கை நிரம்பிற்று என்பதும் ஆண்டு வழங்கும் தலவரலாறு. மணலாற் பிடித்தனவாகச் சொல்லப்படும் அவை இன்று கல்லாகவே காட்சியளிக்கின்றன. மிதிலைக்குச் செல்லும் வழியிற் கல்லைப் பெண்ணாக்கிய திருவடியுடையார், மீளும் வழியில் மணலைக் கல்லாக்கித் தொழுதார் என்பது இவ்விரு வரலாறுகளையும் ஒருங்குவைத்து நோக்குவார்க்குப் புலனாம். தொழுதற்குக் காரணமாய் நின்றது அச்சம் என்பதும் உடன் புலனாம்.

அச்சத்தாற் கல்லாதலைப் பொருளாகக்கொண்டு தமிழில் எழுந்த உரைநடைக் கதைகளுட் புதுமைப்பித்தன் எழுதிய ‘சாபவிமோசனம்’ தலைமையானது. 1943ஆம் ஆண்டிற் கலைமகளில் வெளிவந்த அக்கதை, சைவ நன்மக்களும் வைணவ நன்மக்களுமாகிய கற்றோர் பலர்க்கு அன்று கசந்தது. இன்றுங் கசப்பது உண்டு. இராமபிரான் திருவடித்துகளால் உயிர்பெற்ற அகலிகை, பின்னொருநாள் மீட்டுங் கல்லாயினாள் என்று கதையை முடித்தல், அருளின் ஆற்றலுக்கே இழுக்கன்றோ என்பது அவர் வினா. சித்தாந்த நூல்களைப் பயின்றோர் ஒதுக்கிச் செல்லத்தக்க வினாவன்று அது. இக்கதை அருளை மறுத்ததா, அன்றி அருள் பெறாமை இன்னதென உணர்த்தியதா என்பதே ஈண்டு ஆராயற்பாலது. இதனை எழுதிய சொ. விருத்தாசலம் என்னும் அவ்வாசிரியர் 1906ஆம் ஆண்டில் திருப்பாதிரிப்புலியூரிற் பிறந்தவர். கல்லொடு பிணித்துக் கடலில் இடப்பெற்ற நாவுக்கரசர் அக்கல்லே தெப்பமாகக் கரையேறிய ஊர் அது. கதைக்கும் இதற்கும் தொடர்பில்லை. எனினும் நினைவுக்கு வாராமற் போவதில்லை.

இனி, புராணத்தைத் திரித்தார் என்னுங் குற்றச்சாட்டை முதற்கண் நோக்குவாம் எனின், அஃது நில்லாது. வான்மீகியார் நூலின் பாலகாண்டத்தில் அகலிகை கல்லாகவில்லை. காற்றே உணவாக, சாம்பலிற் கிடந்து, எவ்வுயிர்க்கும் புலனாகாது நெடுங்காலம் தவங்கிடக்குமாறே ஆண்டுச் சாபம் அமைகின்றது. கல்லாயினாள் என்னும் வழக்குத் தமிழகத்தில் மிகப் பழையது. திருப்பரங்குன்றத்து எழுத்துநிலை மண்டபத்தில் அவ்வோவியத்தைக் கண்டு ஒருவர்க்கொருவர் சுட்டியுரைத்த செய்தி பரிபாடலிலேயே வருகின்றது. பூனையாய இந்திரனும் அங்கே உளன். கம்பநாடர் இவ்வழக்கைத் தழுவினார். வான்மீகத்தை அவ்விடத்து விட்டார். முன்னோர் விட்டதும் கொண்டதும் கவிக்குரிய உரிமையாயின், பின்னோர்க்கு மட்டும் அது குற்றமாதல் யாங்ஙனம்? கேட்கத்தக்கது, விட்டதனாலும் கொண்டதனாலும் பொருள் விளங்கிற்றா என்பதே.

கம்பர் பாடிய அவ்விடத்தில் அறிஞர் பலர் கடந்துசென்ற நுட்பம் ஒன்றுளது. முனிவர் மீண்டு வாயிலில் வந்து நின்றபொழுது, உள்ளிருந்த இருவரும் அஞ்சினர். ஒரே அச்சம் இருவர்மாட்டும் இருவேறு வகையாகத் தொழிற்பட்டதைக் கவிஞர் ஒரு செய்யுளினுள்ளே அடக்கிக் காட்டுகின்றார். இந்திரன் நடுங்குகின்றான், பூனையாகி நழுவுகின்றான். அகலிகையோ அழியாப் பழியைத் தாங்கி நிற்கின்றாள். அவள் ஓடினாள் என்றோ, அரற்றினாள் என்றோ, அடிவீழ்ந்தாள் என்றோ அவ்விடத்து ஒரு சொல்லும் இல்லை. நின்றாள் என்னும் அளவே. சாபம் அதன் பின்னரே வருகின்றது. ஆகவே முனிவர் வாய்திறக்குமுன்னரே அவள் பாதி கல்லாயினாள் என்பது கவியின் உள்ளக்கிடையாகலாம்.

வடநூலார் கூறும் எண்வகைச் சாத்துவிக பாவங்களுள் முதற்கண் வைக்கப்பெற்றது தம்பம். அஃதாவது உறுப்புக்கள் செயலற்றுத் தூண்போல நிற்றல். நடுக்கம் அவற்றுள் வேறொன்று. கம்பர் இந்திரனுக்கு நடுக்கத்தையும் அகலிகைக்குத் தம்பத்தையும் கொடுத்தார் என்க. உயிர்நூலாரும் இவ்வேறுபாட்டைக் கண்டு எழுதியுள்ளனர். பகையைக் கண்ட விலங்கு ஓடுதலும் உண்டு, எதிர்த்தலும் உண்டு. இரண்டற்கும் வழியில்லையேல் அசைவற்று விறைத்துப் போதலும் உண்டு. மான்கன்று புதரிடையே அவ்வாறு கிடக்கும். அதன் நெஞ்சத்துடிப்பும் அப்பொழுது தணியும். கருடனிழல் தரையிற் பட்டவழிக் கோழிக்குஞ்சு ஒடுங்கிக் கிடத்தலை முற்றத்திற் காணாதார் இலர். ஓட இடமில்லாத உயிர்க்கு இயற்கை கொடுத்த கடைசிப் புகலிடம் கல்லின் தன்மை.

தொல்காப்பியனார் மெய்ப்பாட்டியலில் அச்சத்திற்கு நிலைக்களன் நான்கு வகுத்தார்: அணங்கு, விலங்கு, கள்வர், தமக்கு இறைவராயினார் என. அகலிகையின் அவ்வொரு கணத்தில் இந்நான்கும் ஒருங்கு குழுமியிருத்தலை நோக்குக. வந்தவன் வானவனாதலின் அணங்கு. மனைபுகுந்த வகையாற் கள்வன். வெளியேறிய வடிவால் விலங்கு. வாயிலில் நின்றவரோ அவளுக்கு இறைவர். நான்கு வாயிலும் அடைபட்டவள் நின்றது வியப்பன்று. முன் மூன்றற்கும் அஞ்சினார் நான்காமவரிடத்து ஓடி ஒளிப்பர். நான்காமவரே அச்சமாயினார்க்கு ஓடுதற்கு இடமில்லை.

புதுமைப்பித்தன் கதையின் சிறப்பு, இந்நான்காவதனைப் பற்றிக்கொண்டு இறுதிவரை விடாமையே. அதனை விளக்குதற்கு மெய்யாகவே கல்லாயின பொருள்கள் சிலவற்றை ஈண்டு நோக்குதல் வேண்டும்.

விழுப்புரம் மாவட்டத்துத் திருவக்கரை, ஞானசம்பந்தப் பிள்ளையார் பதிகம் பெற்ற தலம். சந்திரமௌளீசுவரர் எழுந்தருளிய அத்திருக்கோயிலுக்கு அணித்தாகச் செம்மண் நிலத்திற் பெருமரங்கள் பல கிடக்கின்றன. அருகணைந்து தொட்டாலன்றி அவை மரமல்ல, கல் என்பது தெரியாது. பட்டையின் வரியும், கணுவும், வெட்டுவாயில் ஆண்டுவளையங்களும் அவ்வாறே உள. அவ்வூரார், அம்மை அழித்த அசுரனுடைய எலும்புகள் அவை என்று வழங்குவதும் உண்டு. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதிக்காலில் பிரஞ்சு நாட்டு இயற்கைநூலாராகிய சொன்னெரா என்பார் அவற்றைக் கண்டு எழுதினார். இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையினர் அவ்விடத்தைக் காப்பிடமாக்கியுள்ளனர். அவை இரண்டு கோடி ஆண்டுப் பழமையுடையன என்பர். அவை கிடக்கும் பாறைக்கு நிலநூலார் இட்ட பெயர் கடலூர் மணற்கல் என்பது.

இதனினும் முதியது பெரம்பலூர் மாவட்டத்துச் சாத்தனூரில் உள்ளது. 1940ஆம் ஆண்டில் எம். எஸ். கிருஷ்ணன் என்னும் நிலநூலறிஞர் ஓடைக்கரையில் அதனைக் கண்டறிந்து உலகிற்குத் தெரிவித்தார். பின்னாளில் அப்புவியியல் துறைக்குத் தலைவராய் அமர்ந்த முதல் இந்தியர் அவரே. 18 மீட்டருக்கு மேல் நீண்டு கிடக்கும் அவ்வொற்றை மரம் ஏறத்தாழப் பத்துக் கோடி ஆண்டுகளுக்கு முற்பட்டது. இன்று கொள்ளிடத்திற்கு வடக்கே புன்செய் நிலமாய்க் கிடக்கும் அப்பகுதியில் அன்று கடல் பரந்திருந்தது. கரைக்காட்டில் நின்ற மரம் ஒன்று ஆற்றுவெள்ளத்தில் அடித்துவரப்பட்டுக் கடற்சேற்றிற் புதைந்தது. அச்சுற்றுவட்டத்தில் நத்தை போன்ற கடலுயிர்களின் கல்லுருக்களும் நிறையக் கிடைக்கின்றன. வைணவர் வழிபடும் சாளக்கிராமமும் அவ்வினத்ததே, கண்டகியாற்றிற் கிடைப்பது.

மரம் கல்லாவது யாங்ஙனம்? காட்டில் வீழ்ந்த மரம் காற்றும் ஈரமும் புழுவும் தின்ன மக்கி மண்ணாகின்றது. அம்மண்ணில் வேறொரு மரம் எழுகின்றது. அஃது இயற்கை வழி. காற்றுப் புகாவாறு சேறு விரைந்து மூடிய மரமோ மக்குதற்கும் வழியற்றுக் கிடக்கும். மணற்சத்துக் கரைந்த நீர் நிலத்தடியில் ஊறி அதனுட் புகும். மரத்தின் நுண்ணறைகளில் அச்சத்துப் படியும். அறைச்சுவர் நைந்தவிடத்தும் அதுவே வந்து அமரும். ஒரு நாளில் அன்று, ஓராண்டில் அன்று, துளி துளியாக. ஒவ்வோரறையாக மரம் வெளியேறிக் கல் குடிபுகுகின்றது. இதில் வியக்கத்தக்கது, வடிவம் இம்மியும் மாறாமையே. வளையம் எண்ணினால் வயது தெரியும். கணுவைக் கண்டாற் கிளை இருந்த இடம் தெரியும். எல்லாம் உள, மரம் மட்டும் இல்லை. திருவக்கரையில் கிடப்பனவற்றிற்கு வேரும் இல்லை, கிளையும் இல்லை; அவை வேற்றிடத்தினின்று வெள்ளத்தில் வந்தன என்பதற்கு அதுவே சான்று என்பர்.

கல்லாதல் இருவகைத்து என்பது இதனாற் பெறப்படும். ஒன்று கணத்தில் நிகழ்வது. அச்சத்தின் தம்பமும் முனிவர் சாபமும் அவ்வகை. மற்றொன்று ஊறி ஊறி நிகழ்வது. கம்பர் பாடியது முன்னையது. புதுமைப்பித்தன் எழுதியது பின்னையது. அவர் கதையில் அகலிகை மெய்யாகக் கல்லாவது முதலிலும் முடிவிலும் அன்று. இடையிலேயே, அவள் பெண்ணாக நடமாடும் அக்காலமெல்லாம் என்க.

சாபம் நீங்கியபின் அவள் வாழ்வை ஆசிரியர் விரித்துரைக்கும் பகுதிகளை அமைதியாகப் பயில்வார் இதனை உணர்வர். கௌதமர் அவளை வெறுத்தாரல்லர். தம் வெகுளியே பிழையென்று நாணினார். இராமபிரான் அவளைக் குற்றமற்றவளென்றார். வெளியே ஒரு குறையும் இல்லை. ஆயினும் யார் எது சொல்லினும் அதனுள் வேறொரு பொருள் ஒளிந்திருக்குமோ என அவள் அஞ்சுகின்றாள். தான் சொல்லவேண்டிய சொல்லை முன்னரே உள்ளத்திற் பன்முறை சொல்லிப் பார்த்தே வாய்திறக்கின்றாள். நீர்த்துறையில் முனிவர் மனைவியர் அவளைக் கண்டு விலகியோடுகின்றனர். ஒவ்வொன்றும் ஒரு துளி. வடிவம் மாறவில்லை, நீர் கொணர்கின்றாள், பணிவிடை செய்கின்றாள், புன்னகையும் செய்கின்றாள். அறை அறையாகப் பெண் வெளியேறுகின்றாள்.

மக்குதல் இயற்கை வழி எனப்பட்டது. வினை நுகர்ந்து கழிவது என்னும் சித்தாந்தமும் அதுவே. அழுது, வெகுண்டு, பிறரொடு சொல்லியாறித் துன்பம் கழிவதாயின் அது மண்ணாகி வேறொன்றற்கு உரமாகும். அகலிகைக்கு அவ்வழி அடைபட்டது. மன்னிக்கப்பட்டவள் அழுதல் கூடாது. மன்னித்தவர்க்கு அது நோவாகும். கௌதமரிடத்து அவள் தன் அச்சத்தைச் சொல்லினாளல்லள். சொல்லுதற்கும் இயலாது, அச்சமே அவராதலின். காற்றுப் புகாத சேறு இதுவே. புதுமைப்பித்தன் இதனை ஒரு கருத்துரையாகச் சொல்லாது நாள்வாழ்க்கையின் சிறு செயல்களாற் காட்டினமை, இக்கதையைத் தமிழ் உரைநடையின் உயர்ந்த இடங்களுள் ஒன்றாக்குகின்றது. இராமாயணத்தைத் தூற்றுதற்கென்றே எழுந்த பிற்காலக் கதைகள் சிலவற்றை இதனொடு ஒன்றாக வைத்து எண்ணுவோர் இதனைப் படித்திலர் என்பது தேற்றம்.

முடிவு அறியப்பட்டதே. வனவாசமும் போரும் முடிந்து அயோத்திக்கு மீண்ட சீதாபிராட்டியார் அகலிகையைக் காணவருகின்றார். தாம் தீப்புக்க செய்தியை இயல்பாகக் கூறுகின்றார். இராமனா அதனைக் கேட்டான் என்று அகலிகை பதறுகின்றாள். உலகிற்கு மெய்ப்பிக்க வேண்டாவோ என்று பிராட்டியார் நகைக்கின்றார். அதன்பின் கௌதமர் அன்போடு அணுகித் தழுவும்பொழுது, இந்திரனே மீட்டும் அவ்வடிவில் வந்தானென அவளுக்குத் தோன்றுகின்றது. அவர் கைக்குள் இருந்தது கற்சிலை. தொல்காப்பியர் வகுத்த நான்கனுட் கள்வரும் இறைவரும் அவள் கண்ணுக்கு அக்கணத்தில் ஒருவரே ஆயினர். அஞ்சப்படுவாரும் அஞ்சினார் ஓடிப் புகத்தக்காரும் ஒரே முகமுடையராயின், அவ்வுயிர் வேறென் செய்யும்?

அற்றேல், திருவடித்துகள் அவளுக்கு ஆற்றியது என்னை என்னும் வினாவுக்கு இனி விடை கூறலாம். சிவஞானசித்தியார் சுபக்கத்தில் அருணந்தி சிவாசாரியர் பாசி மூடிய குட்டம் ஒன்றை உவமை காட்டுவர். கல்லெறிந்த அப்பொழுது பாசி விலகும், நீர் தோன்றும், சிறிது செல்லப் பாசி மீட்டும் பரந்து மூடும். அரனடியை உணரும்பொழுது மலங்கள் அகலுதலும், பின் அணுகுதலும் அத்தகைய என்பது அவர் கருத்து. அன்பொடு திருவடிக்கீழ் நீங்காதே நிற்பார்க்கு அந்நிலை நிலைக்கும். அங்குமிங்குமாய் அலமருவார்க்கு வேறு நெறி கூறவேண்டும் என்று அவரே மேற்செல்லுகின்றார். ஒருமுறை தீண்டப்பட்ட உயிர் மீட்டும் மூடப்படாது என்று சித்தாந்தம் யாண்டுங் கூறிற்றில்லை. கூறியிருப்பின் ஐந்தெழுத்தை விதிப்படி ஓதுதல் எதற்கு? அடியார் கூட்டமும் ஆலயவழிபாடும் சிவஞானபோதத்தின் பன்னிரண்டாஞ் சூத்திரத்தில் எதற்கு? ஆகலின் அகலிகை மீண்டுங் கல்லாயினமை அருளுக்கு இழுக்கென்பார், தாம் காக்கப்புகுந்த நூலையே மறந்தாராவர்.

இன்னொன்று. இக்கதையில் அகலிகை பெற்றது அருளா என்பதே ஐயம். அவள் பெற்றது ஒரு தீர்ப்பு. குற்றமில்லை என்று ஒருவர் கூறினார். அவர் பெரியர், ஆதலின் நம்பினாள். அந்நம்பிக்கை முழுதும் அவர்தம் சொல்லின்மேல் நின்றது. அவரே தம் மனைவியைத் தீயிற் புகச் செய்தார் என்றவுடன், சொல்லுஞ் சரிந்தது. சொல்லின்மேல் நின்றவளுஞ் சரிந்தாள். தீர்ப்பு மற்றொரு தீர்ப்பால் மாறும். திருவருள் அவ்வாறன்று. அதற்குக் குற்றமுடைமையும் இன்மையும் ஆராய்ச்சியில்லை; செம்பிற் களிம்பைக் குளிகை பற்றறுப்பதுபோலப் பற்றறுத்தலே அதன் தொழில். இராமபிரானை மானிடனாகவே வைத்து எழுதிய ஆசிரியர், அவர் தரத்தக்கது தீர்ப்பளவே என்பதை, அறிந்தோ அறியாமலோ, மெய்யாகவே எழுதிவிட்டார்.

கல்லாய்க் கிடத்தலே விடுதலையன்றோ, துன்பமும் இல்லை அச்சமும் இல்லையே என்று இக்கதைக்கு அமைதி கூறுவாரும் உளர். இவர் கூற்றுப் புதிதன்று. 1313ஆம் ஆண்டில் உமாபதி சிவாசாரியர் இயற்றிய சங்கற்பநிராகரணத்துட் பாடாணவாதி என்று ஒருவன் வருகின்றான். முத்தியிலும் ஆணவமலம் நீங்காது, ஆதலின் உயிர் ஆங்கு அறிவும் இன்பநுகர்ச்சியும் இன்றிக் கல்லேபோற் கிடக்கும் என்பது அவன் கொள்கை. பாடாணம் என்பது கல்லே. இன்பம் நுகராத முத்தி முத்தியாமோ என்று அவன் மறுக்கப்படுகின்றான். மறுப்பின் தருக்கவழியை நூலிற் கண்டுகொள்க. புதுமைப்பித்தன் அந்நூலைக் கற்றாரோ இலரோ, கதையின் முடிவைப் படிக்கும் எவரும் அகலிகை விடுதலை பெற்றாள் என்று மகிழ்ந்ததில்லை. உடல் சிலிர்க்கின்றது, நெஞ்சு கனக்கின்றது. பாடாணவாதத்திற்கு இதனினும் வலிய நிராகரணம் வேண்டுவதின்று.

கதையின் குறையையும் சொல்லவேண்டும். துன்புற்ற உயிர் மனிதரையே மாறிமாறிப் பற்றுகின்றது; கணவர், இராமன், சீதை, கைகேயி. கைகேயியைக் காணும் இடம், பழி சுமந்த இருவர் ஒருவரை ஒருவர் அறிந்துகொள்ளும் இடமாதலின், மிக அருமையானது. ஆசிரியர் அதனை விரைந்து கடந்துவிட்டார். ஆனால் அத்துணை நெடிய கதையில் அவ்வம்மை ஒரு மரத்தடியிலேனும் கைகுவித்தாள் இல்லை. ஆற்றங்கரையில் நெடுநாள் வாழ்ந்தவள். மணலும் நீரும் கையெட்டும் அளவில் இருந்தன. அடியார் வேடமும் ஆலயமும் அற்ற ஓர் உலகத்தைப் படைத்துவிட்டு, அவ்வுலகத்தில் உயிர் இளகவில்லை என்று காட்டுதல், நீரற்ற குளத்தில் மீன் வாழாமையைக் காட்டுதல் போல்வது. உண்மைதான், ஆயினும் அரையுண்மை.

பாபநாசத்தினின்று சிறிது தொலைவிலேயே, காவிரியின் வடகரையில், கஞ்சனூர் உள்ளது. அவ்வூர்த் தலவரலாறு இக்கதையின் மறுபுறம் போன்றது. அந்தணர் ஒருவர் தலைச்சுமையாகக் கொணர்ந்த புற்கட்டை இறக்கியெறிய, அறியாமல் அது கன்றொன்றின்மேல் வீழ்ந்து கன்று இறந்தது. பசுக்கொலையாளரென்று ஊரார் அவரை விலக்கினர். மனமறியாப் பிழை; ஊரறிந்த பழி. அகலிகையின் நிலை முழுதும் இதுவே. அவர் அரதத்தரிடம் சென்றார். அரதத்தர் தீர்ப்புக் கூறினாரல்லர். ஒரு கைப்பிடிப் புல்லைக் கொடுத்துத் திருக்கோயிற் கல்நந்திக்கு இடச் சொன்னார். கல் புல்லைத் தின்றது. அவர் குற்றமற்றவரென்று எவருஞ் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஊரார் கண்முன் கல் வாய்திறந்தது. பழியால் மனிதர் கல்லாகுமிடத்தில், அங்கே பழிதீரக் கல் உயிராயிற்று.

கல்லில்லா நாட்டார் அரும்பாடுபட்டுக் கல்லைக் கொணர்ந்து இறைவனை எழுந்தருளச் செய்ததற்கு அழியாமை மட்டுமே காரணமன்று போலும். தம்பம் என்னும் மெய்ப்பாடு அச்சத்தினாலும் வரும், உவகையினாலும் வரும் என்று நாடகநூலார் இரண்டையும் ஒருங்கே கூறுவர். சந்நிதியில் அசைவற்று நிற்கும் அடியாரையும், கள்வர்முன் அசைவற்று நிற்கும் வழிப்போக்கரையும் எட்ட நின்று காண்பார்க்கு வேறுபாடு தெரியாது. இராமபிரானுக்குப் பழியச்சம் வந்தது. அவ்வச்சம் தம்முள் இறுகாவாறு மணலை இறுக்கினார். அகலிகைக்கும் அச்சம் வந்தது. மணலைத் தொடாதவள் தானே இறுகினாள்.

கதையின் இறுதித் தொடர்கள் கௌதமரைப் பற்றியன. பனிப்பாலையைக் கடந்து தன்னந்தனியே கைலையை நோக்கி அவர் நடக்கின்றார். அவர் குதிகாலில் விரத்தி வைரமேறிக் கிடந்தது என்பது ஆசிரியர் கருத்து. அவ்வொரு சொல்லைத் தேர்ந்த திறத்தை எத்துணைப் பாராட்டினும் தகும். வைரம் என்பது தமிழில் மரத்தின் காழுக்கும் பெயர், மணிக்கும் பெயர். மனைவி உள்ளே கல்லாய்க் கிடக்க, கணவர் காலில் மரமும் கல்லுமாகிய அச்சொல் ஏறிக்கொண்டது. செல்லுமிடமோ கயிலை, அதுவும் மலை. நாவுக்கரசரும் ஒருகால் அவ்வழியே நடந்தார். கால் தேய்ந்து, மார்பால் ஊர்ந்து, உடம்பெல்லாம் நைந்தபின் திருவையாற்றுப் பொய்கையில் எழுந்து கயிலைக் காட்சி கண்டார். அவர் காலில் வைரம் பாயவில்லை, தேய்ந்தது. கௌதமர் கயிலையைச் சேர்ந்தாரா என்பதைப் புதுமைப்பித்தன் எழுதவில்லை.